வளைக்குள் போன கம்பு

பனவடலிசத்திரம்
19.2.1979

அன்புத் தம்பி துரைப்பாண்டிக்கு,

அக்கா இசக்கித்தாய் எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். நீ அந்த மணல்காட்டில் சுகமாக இருக்க வேண்டும் என்று கோமதியம்மனிடம் கேட்டுக்கொள்கிறேன். குளிர் தாங்க முடியவில்லை என்றாயே, அனுப்பிய மப்ளர் வந்ததா?

உன் மச்சான் ஐப்பசியில் கிழக்குப் பிஞ்சையில் கம்பு விதைத்தார், களையெடுப்புக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம் அந்தக் காட்டைப் பார்த்தவள் நான்தான். களை எடுத்தேன், குருவி விரட்டினேன். தை கடைசியில் கருது முற்றி நின்றபோது மூத்தவர் உச்சிமாகாளி ஆள் விட்டு அறுத்து, வண்டியில் ஏற்றித் தன் களத்துக்குக் கொண்டுபோய்விட்டார். உன் மச்சானுக்கு அண்ணன் ஆயிற்றே என்று நானும் வண்டிக்குப் பின்னாலேயே நடந்து போனேன்.

"ஏட்டி இசக்கி, ஒரே களத்துல அடிப்போம். ஒனக்கு வேணுங்கப்போ வந்து வாங்கிக்கிடு. நான் என்ன அந்நியமா?" என்றார். நேற்று ஓலைப்பெட்டியோடு போய் நின்றேன். அவர் பெண்டாட்டி மாடத்தி குலுக்கையைத் திறந்து ஒரு நாழி கம்பு அளந்து போட்டு, "தீந்ததும் வா" என்றாள். என் காட்டில் விளைந்ததை நான் பிச்சை வாங்கி வந்தேன். பிள்ளை இல்லாதவளுக்குப் பிஞ்சை எதற்கு என்று மூத்தவர் டீக்கடையில் பேசுகிறாராம்.

பட்டா கூட்டுப்பட்டா. கோர்ட்டுக்குப் போனால் நான் செத்தபிறகுதான் தீர்ப்பு வரும். ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். பெண் மேழி பிடித்து உழக் கூடாது. புருஷன் இல்லாதவள் காட்டில் அவள் பிறந்த வீட்டு ஆண் வந்து முதல் சால் ஓட்டினால்தான் காடு அவள் கையில் நிற்கும். புரட்டாசியில் அவர் ஏர் பூட்டுவதற்கு முன்னால் நீ லீவு போட்டு வந்துவிடு. எனக்கு இருப்பது அந்தக் காடும் நீயும்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
இசக்கித்தாய்


ராஜஸ்தான்
14.3.1979

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி துரைப்பாண்டியின் வணக்கம். நல்ல சுகத்தோடு இருக்கிறேன். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மப்ளர் குளிர் முடிந்தபிறகு வந்தது. மணல் காற்றுக்கு மூக்கில் கட்டிக்கொள்கிறேன்.

நீ எழுதியதைப் படித்தேன். பெரிய மச்சான் அப்படி ஒரேயடியாக விட்டுவிடுகிற ஆள் இல்லை. அவசரப்பட்டு ஒன்றும் பேசிவிடாதே. புரட்டாசிக்கு இன்னும் நாள் கிடக்கிறது. லீவு கேட்டுப் பார்க்கிறேன்.

இங்கே முகாமில் ஒட்டகத்துக்குக் கம்பு போடுகிறோம். நம் கம்புதான், இவர்கள் பாஜ்ரா என்கிறார்கள். ஒட்டகம் சிந்துவதை எறும்பு ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போய்த் தன் வளையில் சேர்க்கிறது. ஒரு வெள்ளெலி வருகிறது. காலால் அந்த வளையைப் பறித்துச் சேர்த்ததையெல்லாம் தின்றுவிட்டுப் போகிறது. எறும்பு கோபப்படவில்லை. மறுநாள் அதே இடத்தில் மறுபடியும் சேர்க்கிறது. டூட்டி முடிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் பொழுது போகிறது.

வேளைக்குச் சாப்பிடு.

தம்பி
துரைப்பாண்டி


பனவடலிசத்திரம்
30.3.1979

தம்பிக்கு,

நலம் விசாரித்ததற்குச் சந்தோஷம். மூட்டு வலிக்கத்தான் செய்கிறது.

வயிறு எரிந்து நான் திருட்டைப் பற்றி எழுதினால் நீ எலியைப் பற்றி எழுதுகிறாய். எறும்பு கோபப்படவில்லை என்று உனக்கு எப்படித் தெரியும்? அதன் பக்கத்தில் குனிந்து கேட்டாயா?

எலி என்றாயே, நானும் எலிக்கதை சொல்கிறேன், கேள். கீழத்தெருப் பேச்சியை உனக்குத் தெரியும். அறுத்த காடுகளில் எலிவளை வெட்டிக் கருது எடுத்துப் பிழைப்பவள். வண்டி காட்டை விட்டு வெளியேறிவிட்டால் வளைக்குள் போனது விதைத்த சம்சாரிக்குப் பாத்தியமில்லை, வெட்டுகிறவருக்குத்தான். நம் அய்யாகூட யாரையும் தடுத்ததில்லை. போன வாரம் பேச்சி கிழக்குப் பிஞ்சையில் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் கடப்பாரையோடு போய் அவள் பக்கத்தில் நின்றேன். "நீங்க எதுக்குத் தாயி?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் விட்டாள். எலி அவளுக்கு, கருது ஆளுக்குப் பாதி என்று பேசிக்கொண்டோம்.

சம்சாரி வீட்டுப் பெண் எலிவளை வெட்டியது இந்த ஊரில் இதுவரை இல்லை. பஞ்சத்தில்கூட மானத்துக்குப் பயந்து பட்டினி கிடந்தார்கள். நான் ரோட்டோரத்து வளையாகப் பார்த்து, பஸ் போகிற நேரமாகப் பார்த்து வெட்டினேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். எலி எப்படிச் சேர்த்திருக்கிறது தெரியுமா? கருதைக் காம்போடு நறுக்கி, அறை அறையாக அடுக்கி வைத்திருக்கிறது. பெட்டி நிறைந்துவிட்டது.

மூத்தவர் ஓடி வந்தார். "ஏட்டி, மேல ஏறி வா. ஊரே பாக்குது. ஒனக்குக் கம்பு வேணும்னா நான் தர மாட்டனா?" என்றார்.

"நீங்க தந்தா அது பிச்சை. எலிகிட்ட இருந்து எடுத்தா அது என் கம்பு" என்றேன். பேச்சி வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

தினமும் வெட்டுகிறேன். கை காய்த்துவிட்டது. நீ லீவு கேட்டாயா இல்லையா, அதை எழுது.

இசக்கித்தாய்


ராஜஸ்தான்
22.4.1979

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே இப்போதே வெயில் தீயாகக் கொளுத்துகிறது.

வளை வெட்டுவதை நிறுத்து. வாசுதேவநல்லூர்க்காரன் ஒருவன் எங்கள் கம்பெனியில் இருக்கிறான். வீட்டிலிருந்து அவனுக்குக் கடிதம் வந்திருக்கிறது. மெஸ்ஸில் எல்லோர் முன்னாலும், "ஏலே துரை, ஒங்க அக்கா எலிவளை வெட்டுதாளாமே, நீ சம்பளம் அனுப்பலையா?" என்று கேட்டான். தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். உனக்குப் பசி என்றால் எனக்கு எழுது. ஊருக்குக் காட்டுவதற்காகச் செய்யாதே. மாமாவும் மனம் நொந்து எழுதியிருக்கிறார். அவருக்கும் நாலு பேர் முன்னால் நிமிர்ந்து நடக்க வேண்டாமா?

எறும்பைப் பற்றி எழுதினால் திட்டுகிறாய். இருந்தாலும் பார்த்ததைச் சொல்கிறேன். இந்த வெயிலில் வெள்ளெலி பகலில் வெளியே வருவதே இல்லை. எறும்பு வரிசையாக எலிவளைக்குள் போய், எலி சேர்த்ததைச் சுமந்துகொண்டு வருகிறது. மாசியில் யார் யாரிடம் திருடினார்களோ, சித்திரையில் அது திரும்பிவிட்டது. இரண்டும் ஒரே மேட்டில்தான் குடியிருக்கின்றன. ஒன்றை விட்டு ஒன்று போகவில்லை.

கோபப்படாதே. உடம்பைக் கவனி.

துரைப்பாண்டி


பனவடலிசத்திரம்
5.5.1979

துரைப்பாண்டிக்கு,

நலம்.

மாமா என்று எழுதியிருக்கிறாயே, யார் அந்த மாமா? அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் கிடையாது. அத்தை வீட்டுக்காரர் நீ பட்டாளத்துக்குப் போகும் முன்பே செத்துவிட்டார். உனக்கு மாமா என்று கூப்பிட இந்த ஊரில் ஒரு ஆள் இல்லை. உச்சிமாகாளி உனக்குப் பெரிய மச்சான். பெண் கொடுத்தால்தான் மச்சான் மாமா ஆவார்.

அவர் மகள் கோமதித்தாயை உனக்குப் பேசியிருக்கிறார்களா? அக்கா மகள் முறைதான், கட்டிக்கொள்ள வேண்டிய பிள்ளைதான். நல்ல பிள்ளை. நான் ஒரு நாளும் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் எனக்குத் தெரியாமல் எத்தனை கடிதம் போய் வந்தது? உன் கல்யாணத்துக்கு வெற்றிலைத் தட்டு எடுக்க என்னை விட்டால் உனக்கு யார் இருக்கிறார்கள்?

ஆம் என்றால் ஆம் என்று எழுது. இல்லை என்றால் இல்லை என்று எழுது. எலியும் எறும்பும் வேண்டாம்.

இசக்கித்தாய்


பனவடலிசத்திரம்
18.6.1979

துரைப்பாண்டிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால்காரர் கோமதிநாயகம் என் வாசலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். அவருக்கே சங்கடமாக இருக்கிறது. மாடத்தி வீட்டுக்கு மட்டும் உன் கடிதம் வந்துகொண்டிருக்கிறதாம்.

உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா? அதையாவது எழுது. பார்டரில் இருக்கிறவன் எழுதாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்குமா? இதைக் கோபத்தில்தான் கேட்கிறேன்.

இசக்கித்தாய்


ராஜஸ்தான்
9.7.1979

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. ரோந்தில் இருந்ததால் எழுத முடியவில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

இங்கே ஒரு மழை பெய்தது. மண்ணெல்லாம் பச்சை பிடித்துவிட்டது. மழைக்கு முன்னால் முகாமில் எலிக்கு மருந்து வைத்தார்கள். கூடாரக் கயிற்றையெல்லாம் கடித்துப் போட்டுவிட்டன. ஒரு வாரத்தில் மேடு முழுக்கச் செத்துக் கிடந்தன. நான்தான் குழி தோண்டிப் புதைத்தேன். மழைக்கு அப்புறம் எறும்புகள் நனைந்த தானியத்தையெல்லாம் வெளியே கொண்டுவந்து வெயிலில் உலர்த்தின. இதற்கு முன் அப்படி உலர்த்தினால் எலி வந்து அள்ளிக்கொண்டு போகும். இப்போது கேட்க ஆளில்லை.

ஆடித் தபசு வருகிறது. சங்கரன்கோவிலுக்குப் போவாயா? எனக்காகவும் கும்பிட்டுக்கொள்.

துரைப்பாண்டி


பனவடலிசத்திரம்
14.8.1979

துரைப்பாண்டிக்கு,

தபசுக்குப் போனேன். உனக்காகக் கும்பிட்டேன். கும்பிட்டது வரைக்கும் எனக்கு ஒன்றும் தெரியாது.

ரதவீதியில் வளையல் கடையில் மாடத்தியைப் பார்த்தேன். மகளுக்கு வளையல் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்கென்ன இசக்கி, இனி கவலையே இல்ல. கெழக்குப் பிஞ்சையைக் கோமதிக்குச் சீதனமாக் குடுக்கதா மாப்பிள்ளைக்கு எழுதியாச்சு. சரின்னு பதிலும் போட்டுட்டாரு. ஒன் தம்பிதான பாக்கப்போறான், அந்நியமாவா போகுது?" என்றாள். நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்துச் சொன்னாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அவளுக்கு அவ்வளவுதான் புத்தி.

உனக்கு என்ன புத்தி? மூத்தவர் கண்ணுக்கு முன்னால் வண்டி கட்டித் திருடினார். நான் எதிர்த்து நின்று கேட்டேன், ஊர் பார்த்தது. நீ சரி என்று ஒரு கடிதம் போட்டு என் வாயிலிருக்கும் சோற்றை எடுத்துக்கொண்டாய். மாசியில் நான் உன்னை எதற்குக் கூப்பிட்டேன்? என் காட்டில் முதல் சால் ஓட்டக் கூப்பிட்டேன். நீ ஓட்டத்தான் வருகிறாய், உன் காடு என்று ஓட்ட வருகிறாய். அதனால்தான் புரட்டாசிக்கு நாள் கிடக்கிறது என்று எழுதினாயா? அவசரப்படாதே என்று எழுதினாயே, யாருக்காக?

எலி எறும்பிடம் திருடியது, எறும்பு எலியிடம் திருடியது என்று மாதா மாதம் எழுதினாயே. கூடப்பிறந்தவளிடம் திருடுகிற ஜந்து ஏதாவது அந்த மணல்காட்டில் இருக்கிறதா? இருந்தால் அதைப் பற்றி எழுது, படிக்கிறேன்.

அம்மா சாகும்போது உனக்கு நடக்கக்கூடத் தெரியாது. என் இடுப்பில்தான் கிடந்தாய். நீ அழுவாய் என்று நான் பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு நிறுத்தினேன். இதையெல்லாம் சொல்லிக்காட்டக் கூடாது என்று வைத்திருந்தேன். சொல்ல வைத்துவிட்டாய்.

இன்னொன்றும் கேட்டுக்கொள். உன் மாமாவிடமும் எழுதிச் சொல். அவர் ஏர் பூட்டும் முன்னால் நான் விதைப்பேன். மேழியைத்தான் பெண் தொடக்கூடாது. மண்வெட்டியையும் களைகொத்தியையும் தொடக்கூடாது என்று எந்த வழக்கத்திலும் இல்லை. விதைக்கும் யாரிடமும் போய் நிற்கப் போவதில்லை. வளையில் எடுத்த கருதில் நல்லதாகப் பார்த்து வேப்பிலை போட்டு வைத்திருக்கிறேன். வளை வெட்டுகிற பெண்கள் எல்லோரும் வருவதாகப் பேச்சி சொல்லியிருக்கிறாள்.

நலம் விசாரித்து எழுத எனக்கு மனசில்லை.

இசக்கித்தாய்


ராஜஸ்தான்
6.9.1979

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பலமுறை படித்தேன்.

இங்கே எலி இல்லாமல் போனதிலிருந்து எறும்பு கண்டபடி பெருகிவிட்டது. முகாமுக்குப் பின்னால் சமையலுக்காகக் கீரையும் கொத்தவரையும் போட்டோம். மறுநாள் காலையில் ஒரு விதைகூட மண்ணில் இல்லை. கோடு போட்டது போல வரிசையாக வளைக்குப் போய்விட்டது.

நீங்கள் அங்கே பங்குனியிலிருந்து வளையெல்லாம் வெட்டி எலியையும் பிடித்துவிட்டீர்கள். இந்த வருஷம் அந்தக் காட்டில் எறும்பு அதிகமாக இருக்கும். புழுதி விதைப்பில் மழை வரும்வரை விதை காய்ந்து கிடக்குமே, அத்தனையும் போய்விடும். எறும்பு வளை எங்கெங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள். ஒவ்வொரு வளை வாயிலும் தினமும் ஒரு கை நொய் போடு. பக்கத்தில் தீனி கிடைத்தால் அது தூரத்துக்குப் போகாது. நான் இங்கே இரண்டாவது தடவை அப்படிச் செய்து பார்த்தேன். கீரை முளைத்தது. விதையை வழக்கத்தைவிட ஒரு விரல் ஆழமாகப் போடு.

மூட்டுவலியோடு குனிந்து கொத்தாதே. உட்கார்ந்து கொத்து.

துரைப்பாண்டி


பனவடலிசத்திரம்
10.10.1979

துரைப்பாண்டிக்கு,

விதைத்துவிட்டோம். மூத்தவர் சொல்லிவைத்ததால் ஒருவரும் எனக்கு ஏர் தரவில்லை. கீழத்தெருப் பெண்கள் களைகொத்தியோடு வந்தார்கள். வரிசையாக உட்கார்ந்து கோடு கீறினோம், நான் பின்னாலேயே விதை போட்டு மூடிக்கொண்டு வந்தேன். நீ எழுதியது சரிதான். முதல் நாள் விதைத்த மூலையில் எறும்பு எங்கள் கண் முன்னாலேயே விதையைத் தூக்கிக்கொண்டு போனது. அப்புறம் நொய் போட்டேன். இப்போது வரிசை அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. நீ சொன்னதைச் செய்தேன் என்பதற்காக உன் மேல் இருக்கும் கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்காதே. திட்டிக்கொண்டேதான் ஒவ்வொரு பிடியும் போட்டேன்.

மூத்தவர் வரப்பில் நின்று பார்த்தார். "பொட்டச்சி கீறுன கோட்டுல என்ன மொளைக்கும்? மாப்பிள்ளை வரட்டும். ஒரே நாள்ல எல்லாத்தையும் பொரட்டிப் போட்டுருவோம்" என்று சிரித்தார்.

நீ அடுத்த வாரம் வருவதாக மாடத்தி சொல்லுகிறாள். எனக்கு நீ எழுதவில்லை. வா. வந்து பார்.

இசக்கித்தாய்


ராஜஸ்தான்
7.11.1979

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் கூட்டம் அதிகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது?

அங்கே மழை பெய்ததா? உன் பிஞ்சையில் முளைப்பு எப்படி? எறும்பு தொந்தரவு இருக்கிறதா?

இங்கே எறும்பும் குறைந்துவிட்டது. எனக்கு முதலில் காரணம் தெரியவில்லை. உயரமான புல்லில் ஏறிக் கதிரை நறுக்கிக் கீழே தள்ளுவது எலிதான். அது சிந்தினதைத்தான் எறும்பு பொறுக்கிக்கொண்டிருந்தது. இப்போது புல் ஆள் உயரம் நிற்கிறது. அடியில் ஒன்றும் விழவில்லை. எறும்பு வளை பாதி காலியாகக் கிடக்கிறது. இதற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

தம்பி
துரைப்பாண்டி


பனவடலிசத்திரம்
26.11.1979

தம்பி துரைப்பாண்டிக்கு,

நான் நலம். நல்ல மழை. முளைப்பு அடர்த்தியாக இருக்கிறது. முதல் மூலையில் மட்டும் சொட்டை. அதில் மறுபடி ஊன்றிவிட்டேன்.

எலியையும் எறும்பையும் இதோடு விடு. நீ பேச வேண்டியது வேறு.

நீ மூத்தவரோடு காட்டுக்கு வந்த அன்று நானும் பேச்சியும் உடைமரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். நீ எங்களைப் பார்க்கவில்லை. என் மடியில் களைகொத்தி இருந்தது. நீ என் விதைமேல் ஏர் ஓட்டினால் மாட்டுக்கு முன்னால் வந்து படுத்துவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தேன். பேச்சி என் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாடு பூட்டினாய். மேழியில் கை வைத்தாய். "ஓட்டுங்க மாப்ள" என்றார் அவர். நீ குனிந்து மண்ணைக் கிளறிப் பார்த்தாய். ஒரு விதையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே போட்டு மூடினாய். அப்புறம் எறும்பு வளைப் பக்கம் போய் நொய்யைப் பார்த்தாய். திரும்பி வந்து மாட்டை அவிழ்த்தாய்.

"வெதைச்ச காட்டுல ஏர் ஓட்ட மாட்டேன்" என்று நீ சொன்னது எங்களுக்குக் கேட்டது. அதற்கப்புறம் அவர் உன்னைப் பேசிய பேச்சும் கேட்டது. கோமதித்தாய்க்கு இப்போது திருவேங்கடத்தில் மாப்பிள்ளை பேசி முடித்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை குளத்தங்கரையில் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறது. உனக்கு அவளைப் பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியும். நீ எதை விட்டுவிட்டுப் போனாய் என்று தெரியாத முட்டாள் இல்லை நான்.

முளைத்த பயிர்மேல் ஏர் ஓட்டினால் ஊர் துப்பும் என்று கிழக்குப் பிஞ்சைப் பக்கம் மூத்தவர் இப்போது வருவதில்லை. உன் பிஞ்சை என்று நீயும் எழுதிவிட்டாய். காட்டைப் பற்றி இனிமேல் உன்னோடு எனக்கு வழக்கில்லை.

வேறு வழக்கு இருக்கிறது. பட்டாளத்திலிருந்து வந்தவன் நேராக அந்த வீட்டுக்குப் போனாய். சரி, மாப்பிள்ளை, போனாய். மாட்டை அவிழ்த்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாயே, அப்போது என் வாசல் வழியாகத்தானே போனாய்? கதவு திறந்துதான் கிடந்தது. நான் உனக்கு முன்னால் காட்டிலிருந்து ஓடி வந்து, மூச்சு வாங்க, கம்பஞ்சோறு கிண்டி, கருவாட்டுக் குழம்பு வைத்துவிட்டு நடையில் நின்றிருந்தேன். நீ நிமிர்ந்து பார்க்கவில்லை. வெட்கப்பட்டாயா, கோபமா, எனக்குத் தெரியாது. உன் முதுகு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பும் வரைக்கும் நின்றேன். அப்புறம்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. காட்டை நீ எடுத்துக்கொள்ளப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படி வரவில்லை.

விதை போட்ட காடு என்பதற்காக மாட்டை அவிழ்த்தாயா, நான் போட்ட விதை என்பதற்காக அவிழ்த்தாயா? சம்சாரி வீட்டில் பிறந்த எவனும் முதலாவதைச் செய்வான். அது என்றால் எனக்கு உன்னிடம் பேச ஒன்றுமில்லை. இரண்டாவது என்றால் அதை நீ என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கடிதத்தில் எழுதாதே. எழுதினால் படிக்காமல் அடுப்பில் போடுவேன். வந்தால் சோறு போடுவேன்.

அக்கா
இசக்கித்தாய்